மரியாதையான ஜெபம்

குடிநீர்ப் புகார் மையத்தில் ஊராரின் வசவையெல்லாம் ஹெட்போன் வழியாக வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவளுக்கு, வீட்டில் பேச்சுத் துணை இல்லை என்பதுதான் பெரிய கொடுமை. ஆள் இருந்தார், கட்டிலில் இருந்தார். பேருந்து ஓட்டுநராக இருந்த கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போனது.

"தொண்டையில கோளாறு இல்லம்மா. அவரா வாயத் திறந்து முயற்சி பண்ணணும். இப்படியே விட்டா பேச்சு திரும்பாது" என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவரோ அசைந்து கொடுப்பதாக இல்லை.

முன்பு அவருக்கு வாய் ஓயாது. கடவுளிடமும் அப்படித்தான். காலையில் சட்டையை மாட்டும்போதே, "என்னப்பா ஆண்டவா, இன்னிக்காவது பிரேக்கு ஒழுங்கா பிடிக்குமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கடவுள் என்ன உங்க டீக்கடை கூட்டாளியா?" என்பாள்.

அவள் ஜெபம் இஸ்திரி போட்ட துணி, மடிப்புக் கலையாது. தினமும் கட்டிலருகே முழந்தாளிட்டு, "இரக்கமுள்ள பிதாவே, உமது சித்தத்தின்படியே ஆகட்டும்" என்று முடிப்பாள். ஆமென் வருவதற்குள் அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். மனிதர் கடவுளையே வெறுத்துவிட்டார் என்று பயந்து, ஜெபத்தை இன்னும் நீட்டினாள் புண்ணியவதி.

அன்று ஒரு பெரியவர் போன் செய்தார். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வாரக்கணக்கில் கத்தி, அவள் பரம்பரையையே இழுத்தவர். அன்று மட்டும் குரல் தணிந்திருந்தது. "பரவாயில்லம்மா. முடிஞ்சப்போ பாருங்க" என்று வைத்துவிட்டார்.

"அப்பாடா, ஒருவழியா அடங்கினாரு" என்றாள்.

பக்கத்து இருக்கை அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "எங்க அடங்கினாரு? நம்மளக் கைகழுவிட்டாரு. நீ செய்வேன்னு நம்புறவன்தானேடி திட்டுவான்?"

பஸ்ஸில் நின்றபடியே வந்தாள். கால் கடுத்தது. அக்காவின் பேச்சு அதைவிடக் கடுத்தது.

அன்றிரவு வேதத்தில் வாசிக்க வேண்டிய பகுதி, ஒரு நகரத்தை அழிக்காதே என்று கடவுளிடம் பேரம் பேசிய கிழவரைப் பற்றியது. ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விடுவீரா என்று தொடங்கி, பத்து வரை இறக்கிவிட்டார் மனிதர். இப்படி நச்சரித்தவரைத்தான் கடவுளின் சிநேகிதன் என்கிறது வேதம். எத்தனையோ முறை வாசித்திருக்கிறாள், இது உறைத்ததில்லை.

முழந்தாளிட்டாள். "இரக்கமுள்ள பிதாவே..." அதற்கு மேல் வரவில்லை. தானும் கடவுளிடம் பரவாயில்லை, பரவாயில்லை என்று போனை வைத்துவிடுகிறவள்தானே என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. முட்டி வலிக்க எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அசதியா இருக்கு ஆண்டவரே. நெஜமாவே முடியல. உங்க சித்தம்னு வாய் சொல்லுது, வயிறு எரியுது. இவரு யாருக்கு என்ன கெடுதல் பண்ணாரு? உங்ககிட்ட ஓயாம பேசிட்டிருந்த மனுஷன். அந்த வாயப் பார்த்தா பூட்டுவீங்க? நல்லாவா இருக்கு? எனக்கு உங்க மேல கோபம். ரொம்பக் கோபம்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் காதில் விழுந்திருக்குமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

சுவரைப் பார்த்திருந்த முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோணிய உதடு துடித்தது.

"நா..."

அவள் அவர் பக்கம் குனிந்தாள்.

"நா... னும்."

அவர் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கி, தலையணையை முதுகுக்கு அணைத்து, நிமிர்த்தி உட்கார வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"இருங்க ஆண்டவரே, அவருக்கும் இருக்கு. மெதுவாத்தான் சொல்லுவாரு."