நொடிக்குக் கீழே இடமில்லை

உலக மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இனிமேல் ஒரு நொடியை யாரும் உடைக்க முடியாது. இந்த மாபெரும் தீர்ப்பை வழங்கியது விஞ்ஞானிகள் சபை அல்ல. நீச்சல் சங்கத்தின் மேலாளர் மாலை போடாத குறையாக வாங்கிவந்த ஒரு மென்பொருள். டேட்டாபேஸில் எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும் என்று அதில் படம் வரைந்து பொத்தானை அமுக்கினால், டேட்டாபேஸ் அப்படியே மாறிக்கொள்ளும். நேரத்துக்கு அதில் மணி உண்டு, நிமிடம் உண்டு, நொடி உண்டு. அதற்குக் கீழே கதவைச் சாத்திவிட்டார்கள்.

டப்பா டப்பாவாகப் படம் வரைந்தே காலம் தள்ளியதால் 'டப்பா' என்று பேர் வாங்கிய புரோகிராமர், மேலாளரிடம் சொல்லிப் பார்த்தான்.

"சார், நீச்சல்ல ஜெயிக்கிறதே நொடியில நூத்துல ஒரு பங்குலதான்."

"அதுல என்னய்யா குடிமுழுகிடும்? படத்துல இல்லாதது டேட்டாபேஸ்லயும் இருக்கக் கூடாது. அதான் நம்ம ரூல்."

டப்பா டேட்டாபேஸுக்குள் நேரடியாகப் புகுந்து, நொடியில் நூறில் ஒரு பங்கும் உட்காரும்படி நேரக் கட்டத்தைக் கையாலேயே திருத்தி வைத்தான். காரணம் இருந்தது. இறுதிப் போட்டியில் அவன் அக்கா மகள் நீந்துகிறாள். முதலில் வருபவளுக்கு மட்டும்தான் தேசிய அணியில் இடம். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

ஆறாம் தடத்தில் நீந்திய அக்கா மகள், விரல் நுனி வித்தியாசத்தில் சுவரை முதலில் தொட்டாள். அறிவிப்புப் பலகையோ நான்கு பேருக்கு இருபத்தேழு நொடி என்றது. சமமானால் தட எண்படி வரிசை. அவள் நான்காவது.

டப்பா கணினி அறைக்கு ஓடிப் பார்த்தால், நேரக் கட்டம் பழையபடி நொடியோடு நின்றது.

"சார்! காலையில பொத்தானை அமுக்கினீங்களா?"

"ஆமாய்யா. சங்கத் தலைவர் பேருக்கு முன்னாடி 'மாண்புமிகு' போட இடம் பத்தல. கட்டத்தை அகலமாக்கி அமுக்கினேன். ஏன், நல்லா வந்திருக்கா?"

படமும் நிஜமும் ஒத்துப்போகவில்லை என்று கண்ட மென்பொருள், நிஜத்தைத் திருத்திவிட்டிருந்தது. சுவரிலிருக்கும் தொடுபலகை, நேரத்தை அனுப்பியதோடு மறந்துவிடும். போட்டியைப் பிடிக்க வைத்த கேமராவாவது? அது தலைவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அறை வாசலில் ஈரம் சொட்டச் சொட்ட அக்கா மகள். "மாமா, நான்தானே முதல்ல தொட்டேன்?"

பின்னாலேயே அக்கா. "டேய், உன் கம்ப்யூட்டர்தானேடா! ஏதாவது பண்ணுடா!"

டப்பா நேரக் கட்டத்தை மறுபடி திருத்தினான். நான்கு பேருக்கும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் வந்து நின்றன. அழித்துவிட்டு மறுபடி செய்தான். மறுபடியும் பூஜ்யம். போனது போனதுதான், குப்பைத் தொட்டியில்கூட இல்லை.

"பார்த்தியா, புள்ளிக்கு அப்புறமும் சமம்தான்!" என்றார் மேலாளர், பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. "நொடியை உடைச்சு என்னத்தைக் கண்டே?"

பரிசளிப்பில் 'மாண்புமிகு' ஓர் எழுத்துகூட வெட்டுப்படாமல் பலகையில் வந்தது. தேசிய அணிக்கு இரண்டாம் தடத்துப் பெண் போனாள்.