கரட்டுமலைக் காட்டின் கதவு

கரட்டுமலைக் காட்டுக்குச் சம்மன் கொடுக்கவேண்டியிருந்ததால், அதற்கு ஒரு கதவு வைத்தார்கள்.

இடத்தைக் காலிசெய்யச் சொல்லிக் காட்டின்மேல் ஒரு கல்குவாரிக் கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. சம்மனை நேரில் கொடுக்கப் போன கோர்ட் அமீனா சென்னியப்பன், கைநீட்டி வாங்க அங்கே யாரும் முன்வரவில்லை என்று எழுதிக்கொடுத்தார். வாங்காதவர் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வரவேண்டும் என்பது சட்டம். கதவுக்கு மரம் வேண்டுமே என்று அந்தக் காட்டிலேயே இரண்டு தேக்கை வெட்டினார்கள். சுவர் கிடையாது. சுவரைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஒற்றையடிப் பாதையின் நடுவில் ஒரு நிலை, ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். சென்னியப்பன் சுற்றிப் போய் உள்பக்கம் தாழிட்டார். அரசு ஊழியர் சுற்றிப் போகலாம். திரும்ப வந்து, தட்டிப் பார்த்து, ஒட்டினார்.

காட்டின் வக்கீல் தமயந்தி கேஸ் கட்டைப் புரட்டினாள். வக்காலத்தில் காட்டுக்காகச் சிறுத்தை கைநாட்டு வைத்திருந்தது, அதில் குறையில்லை. கதவுதான் உறுத்தியது. பேரூராட்சி அதற்குள் கதவு எண் வேறு கொடுத்துவிட்டது. சுறுசுறுப்பான ஆட்கள். தன் வீட்டுக்கு ஒரு எண் கேட்டுத் தமயந்தி அங்கே வருடக்கணக்கில் நடக்கிறாள். தோற்றால் திங்கட்கிழமையே காட்டுக்குள் புல்டோசர்.

விசாரணையன்று கம்பெனியின் சீனியர் வக்கீல் வரதராஜுலு, பந்தி விசாரிக்கும் சம்பந்தியைப்போல் இனிக்க இனிக்கப் பேசினார். வனச்சட்டமெல்லாம் காட்டுக்குத்தானே, கனம் கோர்ட்டார் அவர்களே. கதவும் எண்ணும் உள்ள இடம் வீடல்லவா. ஒரு வீட்டை இடிப்பதில் சிறுத்தைக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். நீதிபதி தலையாட்டினார்.

கதவே செல்லாது என்று வாதாடத்தான் தமயந்தி தயாரித்து வந்திருந்தாள். அதை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"வீடுதான், ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் தட்டிவிட்டு நுழையட்டும்."

"கதவுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் எல்லாம் திறந்துதானேம்மா கிடக்கு?" என்றார் வரதராஜுலு.

"கதவு இருக்கும்போது சுத்திக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றவனை ஊர்ல என்னன்னு சொல்லுவாங்க, சார்?"

வரதராஜுலுவுக்கு அந்தச் சொல் தெரியும். உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருப்பவர்கள் திறந்தால் மட்டும் நுழையலாம், வெட்டலாம் என்று உத்தரவாயிற்று.

திங்கட்கிழமை கம்பெனி மேனேஜர் புல்டோசரைப் பின்னால் உறுமவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தட்டினார். தமயந்தி கூட நின்றாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து ஒரு பொடிக்குரல்.

"குவாரியிலிருந்து வர்றோமுங்க. கதவைத் தொறங்க."

"அப்பா வீட்ல இல்லீங்க."

"எப்ப வருவாருங்க?"

"சொல்லீட்டுப் போகலீங்க."

மேனேஜர் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை. நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். தினமும் அப்படித்தான் வந்துபோகிறார்.

செய்தி பரவியது. வெள்ளிக்கிழமை தமயந்தி ஆபீஸைத் திறக்க வந்தபோது, பக்கத்து ஊர் ஏரி வாசலில் காத்திருந்தது. அதன்மேல் பஸ் ஸ்டாண்டு கட்டப்போகிறார்களாம். தமயந்தி தரையிலிருந்த கேஸ் கட்டுகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அதை உள்ளே வரச்சொன்னாள்.