எவரும் சொல்லாத ஆம்

படையை எல்லை தாண்டி அனுப்ப அரசுக்கு அதிகாரம் உண்டு. அறுபது நாளுக்கு மேல் அங்கே நிறுத்தி வைக்க அதிகாரம் இல்லை. அறுபதாம் நாள் நண்பகலுக்குள் பேரவை 'ஆம்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போன படை திரும்பியாக வேண்டும். முன்பொரு போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மக்கள் தெருவில் நின்று, தடியடி பட்டு, சிறை சென்று வாங்கிய சட்டம் அது. மூன்றே வரி. அந்த மூன்று வரியை நம்பித்தான் எல்லைக்கு அப்பால் நாலாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பேரவைச் சுருக்கெழுத்தாளரின் தம்பி.

ஐம்பத்தொன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு, படையை அங்கேயே நிறுத்தும் தீர்மானம் வாக்குக்கு வந்தபோது, அவள்தான் மேசையில் இருந்தாள். அவைத்தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு சிறு மேசை. சுருக்கெழுத்தாளர்கள் பத்துப் பத்து நிமிடமாக முறை மாறி அங்கே அமர்ந்து எழுதுவார்கள். தலை நிமிரக் கூடாது என்பது அந்த மேசையின் முதல் விதி. முகத்தைப் பார்த்தால் சொல் தவறிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் ஒருமுறையும் நிமிர்ந்ததில்லை. ஒரு புள்ளியும் அவள் கையில் தவறியதில்லை என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'புள்ளி'.

"தீர்மானத்தை ஆதரிப்போர் ஆம் என்க" என்றார் அவைத்தலைவர். சற்றுப் பொறுத்து, "எதிர்ப்போர் இல்லை என்க." பிறகு, "ஆம் என்போரே அதிகம். தீர்மானம் நிறைவேறியது." தலைகளை எண்ணச் சொல்லிக் கேட்க ஒருவரும் எழவில்லை. மாற்று ஆள் வந்து தோளைத் தொட்டார்; அவள் எழுந்து வெளியேறினாள். தம்பி வரமாட்டான் என்பது தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மேசையில் இருக்கும்வரை அவளுக்குக் காது உண்டு, கை உண்டு; நெஞ்சு இல்லை.

எழுதியதைத் தட்டச்சு செய்து, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு, கையெழுத்திட வேண்டும். பதிவறையில் அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணே, வாக்கெடுப்பு இடத்தை மறுபடி போடுங்க. சத்தம் விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா? எங்கிட்டயா?" என்று சிரித்தார் ஒலிப்பதிவாளர். "ஏம்மா புள்ளி, எறும்பு கொட்டாவி விட்டாக்கூட என் மிஷினு பிடிச்சுடும்."

போட்டார். 'ஆம் என்க' என்றது தலைவரின் குரல். பிறகு நான்கு விநாடி. மின்விசிறி சுழன்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஓர் இருக்கை முனகியது. 'இல்லை என்க' என்றது குரல். மீண்டும் நான்கு விநாடி. பிறகு, 'ஆம் என்போரே அதிகம்.'

அவையில் பன்னிரண்டு ஒலிவாங்கிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் ஒருவர் விரல் சொடுக்கினார். ஒன்றில் தாள் புரண்டது. பன்னிரண்டும் உயிரோடுதான் இருந்தன. ஒன்றிலும் 'ஆம்' இல்லை.

ஒலிப்பதிவாளரின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. "நான் கேட்டேனேம்மா. இந்தக் கூண்டுக்குள்ள உக்காந்து கேட்டேன். கண்ணாடியே அதிர்ந்துச்சு."

"நானும்தான் கேட்டேன்."

"அப்ப அது எங்க போச்சு?"

உணவுக்கூடத்தில் ஆளுங்கட்சிக் கொறடா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் போய் நின்று கேட்டாள்: "ஐயா, காலையில நீங்க ஆம்னு சொன்னீங்களா?"

"என்ன கேள்விம்மா இது? நூத்தி அறுபது பேர் கத்தினாங்களே!" கரண்டியைக் கீழே வைத்தார். "நான் சொல்லல. எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. ஆனா பின்னாடி இருந்தவங்க என் காதைக் கிழிச்சுட்டாங்க."

பின்வரிசைக்காரர் பக்கத்து மேசையில்தான் இருந்தார். "நாங்களா? முன்வரிசை சொல்லியாச்சு, அப்புறம் நான் எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி? பேசாம உக்காந்திருந்தேன்."

எதிர்க்கட்சித் தலைவரை அவள் படிக்கட்டில் பிடித்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க போட்ட சத்தத்துக்கு மேல நாங்க இல்லைன்னு சொல்லி என்னம்மா ஆகப்போகுது? துரோகின்னு சுவரெல்லாம் எழுதுவான். ஆனாலும் தலையை எண்ணச் சொல்லலாம்னு எழுந்திரிக்கப் பார்த்தேன். பக்கத்துல இருந்தவர் சட்டையைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டார்."

"யாருங்க ஐயா அது?"

"அதான், எனக்கு வலப்பக்கம்…" என்று தொடங்கியவர் அப்படியே நின்றார். அவருடைய இருக்கை வரிசையின் கடைசி. அதற்கு வலப்பக்கம் இருந்தது சுவர்.

பேரவைச் செயலர் நல்லவர். நல்லவராக இருந்தே நரைத்தவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பதிவறைக்கு வந்து தாமே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான்கு விநாடி ஓடியது. அவர் முகம் தெளிந்தது.

"இதோ கேக்குதே! இடி மாதிரி கேக்குது. உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?"

ஒலிப்பதிவாளர் ஓர் அடி பின்வாங்கினார். அவள் நகரவில்லை. "எனக்குக் கேக்கல, ஐயா."

"உன் ஏட்டுல என்ன இருக்கு?"

"ஆம்னு இருக்கு."

"அப்புறம் என்ன? மிஷின் சும்மா ஒத்துப்பார்க்கத்தான். ரெண்டும் ஒத்துவரலன்னா நீ கையால எழுதின ஏடுதான் செல்லும். கையெழுத்துப் போடு."

"போடுறதுக்கு முன்னாடி எழுதினவங்களே திருத்தலாம்னு விதி இருக்கே, ஐயா."

செயலர் கதவைச் சாத்தினார். "இருக்கு. 'பிழை என்னுடையது'ன்னு எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா அந்த மேசை உனக்கில்ல. அதோட போச்சுன்னா பரவாயில்ல. தம்பியைக் காப்பாத்தப் பொய் எழுதினவள்னு ஊரே காறித் துப்பும். அவன் அங்க இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். நல்லா யோசிச்சுக்கம்மா. நாளைக்குக் காலையில ஏடு அவையில படிக்கப்படும்."

மூன்று மணிக்குத் தம்பி அழைத்தான். வாரத்துக்கு ஒரு முறை, மூன்று நிமிடம்.

"அக்கா, வானொலியில நேரா எங்களுக்குப் போட்டாங்க. நாலாயிரம் பேரும் வெயில்ல நின்னு கேட்டோம். அதுக்கப்புறம் ஒருத்தனும் வாயைத் திறக்கல. சோறு அப்படியே கிடக்கு."

"என்னடா கேட்டுச்சு உனக்கு?"

"ஆம்னுதான். பெரிய கூட்டம் சொல்ற மாதிரி." "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அதுல உன் குரலும் இருந்துச்சு."

"நான் வாயே திறக்கலடா. திறக்கவும் கூடாது."

"தெரியும்கா. எனக்குத் தெரியாதா? ஆனா உன் குரல் எனக்கு அடையாளம் தெரியாம போகுமா? அது நீதான்."

தொடர்பு அறுந்தது.

அவள் மீண்டும் பதிவறைக்கு வந்தாள். "அண்ணே, மேசைக்குப் பக்கத்துல இருக்கிற ஒலிவாங்கியை மட்டும் போடுங்க. முழுச் சத்தமும் வைங்க."

மின்விசிறி சூறைக்காற்றாகச் சுழன்றது. செருமல் பாறை உருண்டதுபோல் வந்தது. அவற்றுக்கு அடியில் வேறொன்று கேட்டது. ஒரு கீறல். ஒரு குத்து.

"இது என்ன, எலியா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

ஒரு சாய்கோடு, ஒரு புள்ளி. அவளுடைய சுருக்கெழுத்தில் 'ஆம்' என்ற சொல்லின் வடிவம் அது. "எலி இல்லண்ணே. என் பென்சில்."

அந்த மேசைக்கு எந்த விதிநூலிலும் இல்லாத ஒரு பழக்கம் உண்டு. நாள்தோறும் வரும் வாசகங்களை, பேசுபவரின் வாயிலிருந்து வருமுன்னே கை எழுதிவிடும். அரை மூச்சு மிச்சமாகும். இருபத்திரண்டு ஆண்டுகளாக 'ஆம் என்க' என்ற குரலுக்குப் பின் 'ஆம்' வராத நாள் இல்லை. ஆகவே கை காத்திருக்கவில்லை. நாலாயிரம் பேரைச் சாவின் வாசலில் நிறுத்திவைக்கும் ஆணைக்கு, மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய இருநூறு பேர் கூடியிருந்த மன்றத்தில் எழுந்த ஒரே ஒப்புதல், தேர்ந்தெடுக்கப்படாத ஒருத்தியின் பென்சில் கீறிய ஓசை.

அவள் அந்தக் கோட்டையும் புள்ளியையும் அடித்தாள். மேலே 'அமைதி' என்று எழுதினாள். ஓரத்தில் எழுதினாள்: பிழை என்னுடையது. கையெழுத்திட்டாள்.

மறுநாள் காலை செயலர் ஏட்டைப் படித்தபோது அவை கொதித்தது. "நாங்க கேட்டோம்! எல்லாரும் கேட்டோம்!" கொறடா மேசையைத் தட்டினார். "அவ தம்பி அங்க இருக்கான், அதான் இந்தத் தில்லுமுல்லு!" 'அமைதி' என்ற அந்த ஒரு சொல்லைச் சுற்றியே வாக்குவாதம் இரண்டு மணி நேரம் ஓடியது. கடைசியில் அவைத்தலைவர் கையை உயர்த்தினார்.

"நேற்றுச் சொன்னவர்களுக்கு இன்று சொல்வதில் என்ன தடை? நண்பகலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கேள்வியை மீண்டும் விடுக்கிறேன்."

அவளை நீக்கும் உத்தரவு தயாராக இருந்தது. மாலையில்தான் நடப்புக்கு வரும். அந்தப் பத்து நிமிடம் அவளுடைய முறை. மேசையில் அமர்ந்தாள்.

"தீர்மானத்தை ஆதரிப்போர் ஆம் என்க."

அவள் நிமிர்ந்தாள்.

முகங்களை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தாள். இருநூறு வாய்களும் மூடியிருந்தன. ஒவ்வொரு கண்ணும் பக்கத்து இருக்கையின் மீது சாய்ந்திருந்தது; அந்த இருக்கையின் கண் அதற்கடுத்த இருக்கையின் மீது. அப்போது வந்தது அது. தரையிலிருந்து எழுந்ததா, சுவரிலிருந்து கசிந்ததா, தெரியவில்லை. ஆம் என்ற பேரொலி. தலைவரின் குவளையில் தண்ணீர் வட்டமிட்டது. அந்த ஒலிக்குள் கொறடாவின் குரல் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவரின் குரல் இருந்தது. தெருவில் தினமும் பார்க்கும் எத்தனையோ பேரின் குரல் இருந்தது. தம்பி பொய் சொல்லவில்லை. அவளுடைய குரலும் இருந்தது. ஒரு முகத்திலும் ஒரு தசைகூட அசையவில்லை.

கை தாளை நோக்கித் தானாக இறங்கியது. இடக்கையால் வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தினாள்.

தலைவர் குனிந்தார். "ஏட்டில் என்ன பதிவாகியிருக்கிறது?"

"அமைதி, ஐயா."

இரண்டாம் முறை கேட்டார். ஒலி முன்னினும் பெரிதாக வந்தது. வாய்கள் மூடியே இருந்தன. மூன்றாம் முறை கேட்டபோது கொறடா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பின்வரிசை முன்வரிசையைப் பார்த்தது. தன் குரல் தனியாகக் கேட்டுவிடுமோ என்ற அச்சத்தில் இருநூறு பேரும் இன்னொருவருக்காகக் காத்திருந்தார்கள்.

மணி பன்னிரண்டு ஆயிற்று. சட்டத்துக்குத் தெரிந்தது உறுப்பினர்களின் வாயும் ஏடும்தான்; இரண்டிலும் 'ஆம்' இல்லை. வேறு காது அதற்கு இல்லை. பன்னிரண்டு மணி ஆறு நிமிடத்துக்குப் படை திரும்பும் ஆணை புறப்பட்டது.

எல்லோரும் போன பின் செயலர் மேசையருகே வந்து நின்றார்.

"உண்மையைச் சொல்லும்மா. இன்னைக்கு உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க ஐயா. இப்பவும் கேக்குது."

"பின்ன ஏன் எழுதல?"

"சொன்னவங்க யாருன்னு எழுதணுமே" என்று அவள் தாள்களை அடுக்கினாள். "ஒருத்தரும் சொல்லலையே."