பெட்டிக்குள் சூனியக்காரி

"யார் கொண்டாந்தது இத?"

நடுவீட்டில் நின்று கேட்டார் ராஜாராம். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல, ஒரு கதைப் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். அதன் அட்டையில், பனி மூடிய மலைக்கு மேலே ஒரு சூனியக்காரி கொக்கின் முதுகில் உட்கார்ந்து பறந்துகொண்டிருந்தாள்.

வேலுத்தாய் அப்போதுதான் போடிமெட்டு ஜீப்பிலிருந்து இறங்கி வந்திருந்தாள். ஏலக்காய் பறித்த கறைகூட விரல்களில் காயவில்லை. தூக்குவாளியைக் கீழே வைக்கத் தோன்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். அவள் புருசன் காசிமாயன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாவது படிக்கும் மகள் பவதாரணி மூலையில் ஒடுங்கி நின்றாள்.

"பள்ளிக்கூடத்து லைப்ரரி புக்கு தாத்தா. சிவராத்திரிக்கு மறுநாள் திருப்பிக் குடுக்கணும்."

"சாமிப் பெட்டி இருக்குற வீட்டுல சூனியக்காரி கதையா? மொட்டமாடியில நின்னு செத்தவளக் கூப்பிட்டிருக்கா. தெருவே கேட்டிருக்கு. ஏண்டா காசி, உனக்குக் காது இல்லையா?"

காசிமாயனுக்குக் காது இருந்தது, வாய்தான் இல்லை. ராஜாராம் அவனுக்குச் சித்தப்பா. பங்காளிகள் எல்லோருக்கும் அவர்தான் கோடாங்கி. உடுக்கை அடித்துக் குறி சொல்வார், வேப்பிலை அடித்துப் பேய் ஓட்டுவார். வலது புஜத்தில் மூன்று தாயத்து, இடுப்பில் ஒன்று. மந்திரத்தின்மேல் அவருக்கு எந்த வெறுப்பும் கிடையாது. அது அச்சாகி, ஒரு பெண்பிள்ளையின் கைக்கு வந்துவிட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"மந்திரம்னா சாமிக்குக் கட்டுப்பட்டது. சின்னப்பிள்ளைக வாயில வரக் கூடாது. பிள்ளைமேல காத்து இறங்கிருச்சு. சிவராத்திரி அன்னைக்குக் கோயில்ல வச்சு வேப்பிலை அடிச்சு, உச்சிமுடிய அறுத்துப் புளியமரத்துல ஆணி அறைஞ்சிரணும். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் வேணாம்." புத்தகத்தை வேலுத்தாயின் காலடியில் போட்டார். "இத அடுப்புல போடு, ஆத்தா."

வேப்பிலை என்ற சொல்லைக் கேட்டதும் வேலுத்தாய் குனிந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

மூத்தவள் முத்துப்பிரியா போன ஆவணியில்தான் போனாள். பதினாலு வயது. லீவு நாளில் அம்மாவோடு ஏலக்காட்டுக்கு வந்தவள், திரும்பும்போதே தலைவலி என்றாள். மறுநாள் காய்ச்சலில் கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. போடியில் ஆஸ்பத்திரி நர்சம்மா பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். "சாமி பாதத்துல வச்சு உத்தரவு கேட்டுட்டுப் போவோம்" என்று ராஜாராம் அதை வாங்கிச் சாமிப் பெட்டிக்குள் வைத்தார். காட்டு முனி அடித்துவிட்டது, மூன்று நாள் பொறு என்று உத்தரவு வந்தது. மூன்று நாளும் உடுக்கைச் சத்தம், வேப்பிலை, சாம்பல். பிள்ளை 'அம்மா, தண்ணி' என்று கேட்டபோது, கேட்பது முனி என்று சொல்லித் தண்ணீர்கூடக் கொடுக்க விடவில்லை. மூன்றாம் நாள் கேட்பதற்கு யாரும் இல்லை. கல்யாணம் ஆகாத பிள்ளை என்று பதினாறாம் நாளோடு தீட்டையும் கழித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து மலையில் பனி இறங்கினால் வேலுத்தாய்க்கு ஏலச்செடிகளுக்கு நடுவில் அந்தக் குரல் கேட்கும். தண்ணி என்று ஒரே ஒரு தடவை. அவள் நிமிர்ந்து பார்ப்பாள். பக்கத்து நிரையில் பறிப்பவர்கள் யாரும் நிமிர மாட்டார்கள். தான் குடிக்கும் தண்ணீரில் பாதியைச் செடி அடியில் ஊற்றிவிட்டுத்தான் அவள் குடிப்பாள்.

அடுப்பின் முன் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பவதாரணி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"எரிக்காதம்மா. அந்த அக்கா இன்னும் வீட்டுக்கு வந்து சேரல."

"எந்த அக்கா?"

"கதையில வர்றவ. சூனியக்காரி அவளப் பனிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. தங்கச்சி மூணு தடவ பேரச் சொன்னா பனி வழி விடும். நானும் சொல்லிப் பாத்தேன்."

வேலுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்றவள் தினமும் மனசுக்குள் சொல்வதைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லிவிட்டது. அதற்காக அடி வாங்கப் போகிறது. நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒன்றைத் தூக்கிக் கொடுத்தாயிற்று, இதையும் கொடுப்பதா?

மறுநாள் அவள் சோலிக்குப் போகவில்லை. காசிமாயன் லோடு ஏற்றக் கிளம்பியதும் சாமி அறைக்குள் போனாள். புத்தகத்தை வீட்டில் எங்கே வைத்தாலும் ராஜாராம் தேடி எடுத்துவிடுவார். யாரும் தேடாத இடம் ஒன்றுதான் இருந்தது. சாமிப் பெட்டி. அதைக் கோடாங்கி மட்டும்தான் திறப்பார், இனி சிவராத்திரிக்குக் கோயிலில்தான். பெண்கள் கை பட்டால் கண் அவிந்துவிடும் என்பார்கள்.

மூடியைத் தொட்டாள். கண் போவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். விளக்கு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. திறந்தாள்.

பட்டு, அரிவாள், வெண்கல மணி. ஓரத்தில், மஞ்சள் தடவி நாலாக மடித்த ஒரு தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மகள் பெயரைப் படித்தாள். கீழே ஒரு வார்த்தைக்கு நர்சம்மா இரண்டு கோடு போட்டிருந்தாள். அந்த வார்த்தையையும் கூட்டிப் படித்தாள். தரையில் உட்கார்ந்து, சத்தம் வெளியே போகாதபடி சேலையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

எழுந்ததும் தாளைப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைப் பட்டுக்கு மேலே வைத்து, மூடினாள்.

சிவராத்திரி அன்று மத்தியானமே தேவாரம் ஊர்ப் பக்கத்து மலையடிவாரக் கோயிலில் பங்காளிகள் கூடிவிட்டார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோடாங்கிக்குச் சாமி இறங்கியதும் கண்ணை மூடிப் பெட்டிக்குள் கையை விடுவார். எது கையில் வருகிறதோ அதுதான் அந்த வருசத்து வாக்கு. பட்டு வந்தால் கல்யாணம், மணி வந்தால் மழை, அரிவாள் வந்தால் வம்பு வழக்கு.

புளியமரத்தடியில் ஆணியும் சுத்தியலும் தயாராக இருந்தன. தலையை விரித்துவிட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பவதாரணியை ஈரத்தோடு உட்கார வைத்திருந்தார்கள். வேலுத்தாய் அவள் பின்னால் நின்றாள்.

உடுக்கை ஓங்கியது. ராஜாராம் ஆடினார். கண்ணை மூடிக் கையை விட்டு, வந்ததை உயரத் தூக்கிப் பிடித்தார். கூட்டம் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டது. எழுந்து பார்த்தால், கொக்கின்மேல் சூனியக்காரி பறந்துகொண்டிருந்தாள்.

உடுக்கை நின்றது. ராஜாராம் கண்ணைத் திறந்தார். அருள் போன இடம் தெரியவில்லை.

"அடுப்புல போடச் சொன்னேனே," என்றார் தணிந்த குரலில்.

"பெட்டியில வந்தத எரிக்கிற வழக்கம் நமக்கு இல்லயே மாமா," என்றாள் வேலுத்தாய். "உள்ள ஒரு தாளு இருக்கு. அதுவும் பெட்டியில வந்ததுதான்."

"இதுல என்னமோ சூது இருக்கு."

"தாளு நீங்க வச்சது மாமா. புக்கு நான் வச்சது. வாசிக்கச் சொல்லுங்க."

பெண் பெட்டியைத் தொட்டதற்குக் கூட்டம் சலசலத்தது. பங்காளிகளில் மூத்தவரான மொக்கச்சாமி அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை நன்றாகத்தான் இருந்தன. "பெட்டியில வந்தது வாக்கு," என்றார் அவர், பவதாரணியின் பக்கம் திரும்பி. "வாசி, ஆத்தா."

பவதாரணி எழுந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தாளைப் பிரித்தாள்.

"முத்துப்பிரியா, வயது பதினான்கு. மூளைக் காய்ச்சல் போலத் தெரிகிறது. இன்றே தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும். ஆகஸ்ட் பத்தொன்பது." நிமிர்ந்தாள். "'இன்றே'க்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருக்கு."

காசிமாயன் விரலை மடக்கி எண்ணினான். கல்யாணமான இத்தனை வருசத்தில் சித்தப்பா முன்னால் அவன் பேசியது அன்றுதான்.

"இருவத்திரண்டாந் தேதி போனா, சித்தப்பா. மூணு நாளு இருந்திருக்கு."

ஆணியை யாரும் எடுக்கவில்லை. வேலுத்தாய் மகளின் விரித்த தலையை அள்ளி முடிந்தாள். ராஜாராமின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அவர் விட்டுவிட்டார். பூசை முடியுமுன் கோயிலை விட்டுப் போகக் கூடாது என்று யாரோ ஒருத்தி சொன்னாள். அம்மாவும் மகளும் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள்.

போடி பஸ்சில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேற்கே மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பவதாரணி புத்தகத்தை விட்ட இடத்தில் பிரித்து, உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா வீட்டுக்கு வந்துட்டாளா?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"இன்னும் நாலு பக்கம் இருக்கும்மா."

"சத்தமா வாசி."