ஆறாவது நிபந்தனை

நுகர்வோர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மகள் இரண்டாம் முறை வாசித்தபோது, சலவைக்கடைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ரசீதின் பின்பக்கத்தில் இருக்கும் ஆறாவது நிபந்தனை செல்லாதாம். ‘மூன்று மாதத்துக்குள் வாங்கிச் செல்லாத துணி கடைக்கே சொந்தம்’ என்பது ஒருதலைப்பட்சமாம். அதை எடுத்துவிட வேண்டும். அதைச் சொல்லி வைத்துக்கொண்ட துணி ஏதும் கையில் இருந்தால், உரியவருக்குத் தெரிவித்துத் திருப்பித் தரவும் வேண்டும்.

“அப்பா இருந்திருந்தா நேராப் போய் சண்டை போட்டிருப்பார்,” என்றாள் மகள்.

போட்டிருப்பார்தான். ஆறு நிபந்தனைகளையும் மூளையைக் கசக்கி எழுதியவர் அவரல்லவா! பள்ளிக்கூடத்தைத் தாண்டாத மனுஷனுக்கு அன்றைக்கு வக்கீல் பட்டமே வாங்கிவிட்ட மிதப்பு. வீட்டிலும் அந்தச் சட்டம்தான். தட்டில் கடைசி பிஸ்கட் கிடந்தால் போதும், “ஆறாம் நிபந்தனை!” என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். “மூணு மாசம் ஆகலையேப்பா!” என்று மகள் கத்துவாள். “வீட்டுக்கு மூணு நிமிஷம்தான்டி!” என்ன கூத்து, என்ன சிரிப்பு! அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது பிஸ்கட் தட்டிலேயே நமுத்துப்போகிறது.

கடை அலமாரியில் பதின்மூன்று உருப்படிகள் கிடந்தன. பதின்மூன்று பேருக்கும் கடிதம் எழுதினாள். பதினான்காவது, மாடியில் அவளுடைய பீரோவில் தொங்கியது. பழுப்பு கோட். தங்கள் கல்யாணத்துக்குப் போட நல்ல உடுப்பு இல்லாமல் முழித்த அவள் கணவர், யாரோ வாங்காமல் விட்ட அந்தக் கோட்டை நிபந்தனைப்படி தனதாக்கிக்கொண்டு, மாப்பிள்ளையாக வந்து நின்றார். பிறகு இருபத்திரண்டு குளிர்காலமும் அதுதான்.

“அதுக்குமா எழுதப்போற? யாருக்கும்மா தெரியப்போகுது?”

அவளுக்கும் அதே ஆசைதான். ஆனால் பழைய நோட்டில் பெயரும் விலாசமும் பளிச்சென்று இருந்தன. “ஊருக்கொரு நியாயம், நமக்கொரு நியாயமா?” என்று எரிந்து விழுந்தாள்.

ஊரார் துணியையெல்லாம் வெளுத்தவள், அவர் போனபின் அந்தக் கோட்டை மட்டும் வெளுக்கவில்லை. முகம் புதைத்தால் அவர் வாசனை அப்படியே இருந்தது. அழுக்காகவா திருப்பிக் கொடுப்பது? அன்று மாலையே அதைத் தன் கையால் சுத்தம் செய்தாள். காய்ந்ததும் மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான். சுவரோரம் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

பத்தாம் நாள் நரைத்த மனிதர் ஒருவர் கடிதத்தோடு வந்தார். “கல்யாணத்துக்குத் தைச்சதும்மா. கல்யாணம் நின்னுபோச்சு. அப்புறம் வந்து வாங்க மனசு வரல.”

அவள் மறைக்கவில்லை. “என் வீட்டுக்காரர் போட்டுக்கிட்டாருங்க. எங்க கல்யாணத்துக்கே இதான்.”

அவர் கோட்டின் கையைத் தடவினார். “பரவாயில்ல. ஒரு கல்யாணத்தையாவது பாத்திருக்கு.”

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார் என எவ்வளவு நம்பியிருந்தாள்! அவரோ கோட்டை மாட்டிக்கொண்டார், பட்டன் போட்டார், கண்ணாடியில் பார்த்தார், விடைபெற்றுப் படியிறங்கினார்.

அவள் வாசலுக்கு வந்தாள். எவ்வளவு தேய்த்தும் கோட்டின் இடது தோள் சரிவு போகவில்லை. அவள் வீட்டுக்காரர் துணிமூட்டை சுமந்து சுமந்து இறங்கிப்போன தோள் அது. அந்த முதுகு தெருவில் போய்க்கொண்டிருந்தது.

“என்னங்க!”

வாயை மீறி வந்துவிட்டது. அவர் திரும்பினார். வேறு முகம்.

“கையெழுத்து எதுவும் போடணுமாம்மா?”

“இல்ல... மழை வர்ற மாதிரி இருக்கு. நனையாம போங்க.”

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். தெருமுனை திரும்பும்வரை அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.