வீக்கம் வடிந்த வாரங்கள்

செல்வசிங்குக்கு முதலில் மாறியது குணம். அமீரகத்து அல் ஐன் நகரில் ஏசி மெக்கானிக்காக இருந்த அவன், வாய் ஓயாமல் பேசுகிற கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். 2008 கடைசியில் பேச்சு குறைந்தது. டூட்டிக்குக் கிளம்பியவன் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். என்ன என்று கேட்டால் மனைவி டெல்சியிடம் எரிந்து விழுந்தான். டெல்சி நர்ஸ். சண்டை பிடித்து ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாள். மூளையின் முன்பக்கத்தில் கட்டி. புற்றிலேயே பொல்லாத வகை.

அறுவை செய்தார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த கோடையில் கட்டி திரும்ப வந்தது. இடது கை தொங்கிவிட்டது. டெல்சி டூட்டி முடிந்து வந்து அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, வசவு வாங்கி, மறுபடி டூட்டிக்குப் போனாள். ஒரே மகள் ஜிஷா ஊரில் டெல்சியின் அக்கா வீட்டில் நின்று படித்தாள். போனில் அப்பா எங்கே என்று அவள் கேட்டால், தூங்குகிறார் என்று சொல்லிச் சொல்லி டெல்சிக்கே சலித்துவிட்டது.

ஈராக்கியரான டாக்டர் ஹிஷாம் டெல்சியிடம் தனியாகப் புது மருந்து ஒன்றைப் பற்றிச் சொன்னார். காயம் பட்டால், வளரச் சொல்லி உடம்பு ஒரு பொருளைச் சுரக்கிறது. செல்லின் மேலுள்ள ஏற்பி அதை வாங்கி உள்ளே சொல்கிறது. காயம் ஆறினால் எல்லாம் அடங்கிவிடும். இந்தக் கட்டியிலோ அந்த ஏற்பிகள் மிதமிஞ்சிக் கிடக்கின்றன, சில யாரும் சொல்லாமலே வளரச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கட்டி பெருத்து உள்ளே பிராணவாயு போதாமல் போனதும், அது இன்னொரு பொருளைச் சுரந்து ரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. அவசரத்தில் முளைத்த குழாய்கள், அதனால் ஒழுகுகின்றன, மூளை வீங்குகிறது. மருந்து அந்த இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொள்ளும்.

கட்டி போய்விடுமா என்று டெல்சி கேட்டாள். ஒரு வழியை அடைக்கிறோம், அதற்கு வேறு வழிகள் உண்டு என்றார் அவர். நர்ஸான அவளுக்கு அது புரிந்தது, மேற்கொண்டு கேட்கத் தெம்பில்லை.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு வீக்கம் வடிந்தது. செல்வசிங் ஒரு காலையில் தானாக எழுந்து பல் தேய்த்தான். இடது விரல்கள் மடங்கின. பேச்சு திரும்பியது. ஒருநாள் அவள் டூட்டி முடிந்து வந்தபோது அடுப்பில் சாளை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் படுத்தாள், அப்படியே தூங்கிப்போனாள். அவன் எழுப்பவில்லை. பிறகு அதுவே வழக்கமானது. அவன் சமைத்தான், துணி மடித்தான், ஜிஷாவோடு போனில் சிரித்தான், அவள் தூங்கினாள். கம்பெனியில் மறுபடி சேர்ப்பார்களா என்று அவன் விசாரித்தபோது, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

குளிர் தொடங்கும்போது எடுத்த ஸ்கேனில் கட்டியைக் காட்டும் பழைய வெள்ளைத் திட்டு மங்கியிருந்தது. செல்வசிங் சந்தோஷப்பட்டான். டாக்டர் வேறு படங்களைக் காட்டினார். குழாய்கள் கிடைக்காத செல்கள், மூளை நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் வரை ஊர்ந்திருந்தன. இன்னொரு மருந்து முயலலாம், பலனுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தார்கள். டெல்சி சாவியைத் திருப்பவில்லை.

"இது இப்படித்தான் வரும்னு உனக்குத் தெரியுமா?" என்றான் அவன்.

"தெரியும்."

"எனக்கு சுகமாயிட்டுன்னு நான் நினைச்சிட்டு நடந்தப்பவும் தெரியும்."

"ஆமா. சொல்லணும்னு நினைப்பேன். படுத்தா ஒறங்கிருவேன். அவ்வளவு அசதி."

அவன் ரோட்டைப் பார்த்தான். ஒட்டகம் ஏற்றிய லாரி ஒன்று ரவுண்டானாவைச் சுற்றிப் போனது.

"நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா நான் கொழம்பு வச்சிருக்க மாட்டேன். நீ ஒறங்குகதப் பாக்க எனக்குப் பிடிச்சிருந்து, கேட்டியா."

அவள் அழுதாள். அழக்கூட உடம்பில் சக்தி இல்லாததுபோல, சத்தமில்லாமல்.

இன்னொரு மருந்து வேண்டாம் என்றான் அவன். ஜிஷாவின் முகம் அடையாளம் தெரிகிறபோதே அவளிடம் போய்ச் சேர வேண்டும்.

"எனக்க கோவம் திரும்ப வரும்லா? அதுக்கு முன்ன அவ என்னையப் பாக்கட்டும்."

டெல்சி அன்றே லீவு கேட்டாள். மேற்பார்வையாளர் இழுத்தடித்தபோது, லீவு கிடைக்காவிட்டால் வேலையை விடுகிறேன் என்று அமைதியாகச் சொன்னாள். கிடைத்தது.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஜிஷா ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். மார்கழி வரை செல்வசிங் பழைய ஆளாகவே இருந்தான். தினமும் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போனான். அதன் பிறகு பேச்சு போயிற்று. தை கடைசியில் இறந்தான். அவன் பயந்த கோபம் மட்டும் வரவில்லை.

லீவு முடிந்ததும் டெல்சி அல் ஐனுக்குத் திரும்பவில்லை. அக்காவிடம் ஜிஷாவின் சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நாகர்கோவிலில் ஒரு வாடகை வீட்டில் மகளோடு குடியேறினாள்.