குப்பி கழுவியவள்

நியூ ஜெர்சிப் பல்கலைக்கழகத்து ஆய்வகத்தில், காலை எட்டேகாலுக்கு, வான்மதி இரண்டு குப்பிகளை மேசைமேல் வைத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று புத்தம் புதுசு. இன்னொன்று அவள் கழுவியது. இரண்டிலும் ஒரே ஏரிச் சேறு, ஒரே மருந்து. சேற்றிலுள்ள நொதி, அதாவது என்சைம், வேலை செய்தால் தண்ணீர் மஞ்சளாகும்.

அரைமணியில் புதுக் குப்பி மஞ்சளானது. கழுவிய குப்பி அப்படியே இருந்தது.

கணவன் செல்வராஜின் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு வருஷமாகக் குப்பி கழுவியவள் அவள்தான். அவளுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது, வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு எத்தனை நாள்தான் டிவி பார்ப்பாள்? அமிலத்தில் ஊறவைத்து எடு என்றுதான் அவன் சொன்னான். எடுத்தாள். ஆனாலும் சேற்று வாடை போனதாக மனசு ஒப்பவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் போடுகிற பவுடரால் இன்னொரு தரம் தேய்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. நேற்றுதான் அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாள். பாஸ்பேட் என்று போட்டிருந்தது. அது கொஞ்சம் ஒட்டியிருந்தாலே போதும், நொதி அடங்கிவிடும்.

செல்வராஜின் முடிவே நொதி அடங்கியதை நம்பித்தான் இருந்தது. வீட்டுப் புல்வெளிகளுக்குப் போடும் உரமெல்லாம் மழையில் கரைந்து, ஆழமில்லாத அந்த ஏரியின் அடிச்சேற்றில் பாஸ்பேட்டாகக் குவிந்துவிட்டது, அதனால்தான் நொதி அடங்கிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தான். பத்து மணிக்குப் பட்டத் தேர்வுக் குழுவின் முன்னால் பேச வேண்டும். பட்டம் வந்தால் டெக்ஸாஸில் வேலை. வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வராந்தாவில் டையைச் சரிசெய்துகொண்டிருந்தவனிடம் இரண்டு குப்பிகளையும் நீட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"என்னங்க, எல்லா நம்பரும் தப்புங்க. டேட்டை போஸ்ட்போன் பண்ணச் சொல்லுங்க."

"பைத்தியமா உனக்கு? நானே ஆசிட்ல கழுவினேன்னு தீசிஸ்ல எழுதி சைன் பண்ணிருக்கேன். வாயத் தொறக்காம பின்னாடி உக்காரு. ப்ளீஸ், வானு."

பத்து மணிக்கு அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பாவி மனுஷன், என்ன அழகாகப் பேசினான்! பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். அவளுக்குப் பெருமையும் பயமும் சேர்ந்தே வந்தன. ஏரிக்கரை ஊரிலிருந்து வந்த இருவர் முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். இவன் சொல்லை நம்பித்தான் அவர்கள் ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள்.

"குப்பிகளில் பாஸ்பேட் ஒட்டியிருக்கவில்லை என்று எப்படித் தெரியும்?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார்.

"எல்லாவற்றையும் நானே கழுவினேன், அமிலத்தில் மட்டும்," என்றான் செல்வராஜ், வாய் கூசாமல்.

அவளுக்குச் சுருக்கென்றது. பொய்க்காக மட்டும் வந்த கோபமில்லை அது. ஒரு வருஷம் தோலுரிந்த கைகளை ஒரே பேச்சில் இல்லையென்று ஆக்கிவிட்டானே.

"பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று அதே பேராசிரியர் கேட்டார்.

வான்மதி எழுந்தாள். செல்வராஜ் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் உட்காரவில்லை.

"கேள்வி இல்லை," என்றாள் ஆங்கிலத்தில். "அந்தக் குப்பிகளைக் கழுவியது நான்."